கெலிஓயாவிலிருந்து ஒரு பதில்

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு பத்திரிகைத் துணுக்கில் பிறந்தது. அயர்லாந்தின் மேற்குக் கடற்கரையில் சில ஊர்கள் ஆங்கிலத்துக்கு முழுக்க மாறாமல் இன்னும் ஐரிஷ் பேசுகின்றனவாம். சரி, பேசட்டும் என்று பக்கத்தைத் திருப்பியிருக்கலாம். சனியன், ஒரு கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. அந்த ஊர்க்காரன் ஒருத்தன் இலங்கை மலைநாட்டுக் கெலிஓயாவில் மாட்டிக்கொண்டால் யாரோடு பேசுவான்?

2

1934. மகாவலியிலிருந்து எழுந்த மூடுபனி கெலிஓயாவை

(அடித்துவிட்டேன். பனியில் தொடங்கும் கதைகள் போதும்.)

கோர்மக், தேயிலைத் தொழிற்சாலைகளில் இஞ்சின் திருத்துபவர். பளீலின் தேத்தண்ணிக் கடையின் பின்னறையில் வாடகைக்கு இருந்தார். வந்து பத்தொன்பது வருஷம். வேலைக்கு ஆங்கிலம், கடைக்குத் தமிழ். தாய்மொழிக்குத்தான் ஆளில்லை.

பளீலை அண்ணன் முறையில் 'நானா' என்றுதான் கூப்பிடுவார். ஒரு நாள் அவரிடம் சொன்னார்: "நானா, எங்க ஊர்ல பனி மூடினா எங்கம்மா கரையில நின்னு கத்தும், 'அன் வில் தூ அவ்ன்?' இருக்கியான்னு அர்த்தம். படகுல இருந்து நாங்க 'தா மே அன்ஷோ'ன்னு கத்தணும். இங்கதான் இருக்கேன்."*

"இதென்ன பெரிய வேல? அந்தப் பதில நானே செல்றேன்!" என்றார் பளீல். நாலு தரம் சொன்னார். நாலும் நாலு விதம். கோர்மக் சிரித்துச் சிரித்து இருமினார்.

*இந்த வழக்கம் என் கற்பனை. அந்த ஊர்க்காரர் யாரும் சண்டைக்கு வராதீர்கள்.

3

பளீலின் மனைவி ஜெஸீமா திரைக்குப் பின்னால் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். இவள்மேல்தான் எனக்குச் சந்தேகம். கோர்மக் சொன்ன பதிலை ஒரே தடவை கேட்டு எப்படிப் பிடிப்பாள்? ஆனால் அது ஏழு வயதிலிருந்து, பொருள் தெரியாமலே, குர்ஆனைப் பிசகாமல் ஓதிப் பழகிய நாக்கு. ஓர் ஓசை வழுக்கினாலும் ஓதிக்கொடுத்த லெப்பை விட்டிருக்க மாட்டார். அடுப்படியில் மெல்லச் சொல்லிப் பார்த்தாள். அச்சு அசல்.

4

வருஷக் கடைசியில் மலேரியா வந்தது. கோர்மக் விழுந்தார். மூன்றாம் நாள் காலை பின்னறையிலிருந்து குரல்: "அன் வில் தூ அவ்ன்?"

பளீல் ஓடிப்போய்த் தனக்குத் தெரிந்தபடி பதில் சொன்னார்.

"நீ இல்ல, நானா" என்று கோர்மக் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பளீல் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். "அவர்ட ஊர்ப் பதில் வேணுமாம். எனக்கு அதச் சரியாச் செல்ல ஏலாதே."

"எனக்கு ஏலும்" என்றாள் ஜெஸீமா.

"அந்நிய ஆம்புள, புள்ள. ஊரு என்ன பேசும்?"

"ஊருக்கு அந்தப் பாஷை தெரியாதே."

முடிவு ஒன்று: அவள் சொன்னாள், காய்ச்சல் விட்டது. பொய். வெட்கமில்லாத பொய்.

முடிவு இரண்டு: அவள் வாயை மூடிக்கொண்டாள். அந்த வார்த்தை சாகும்வரை தொண்டையில் நின்றது. அவளை அப்படித் தண்டிக்க எனக்கு மனமில்லை.

முடிவு மூன்று: அவள் கதவருகே வந்து

5

என்னால் முடியவில்லை. நானும் வருஷக்கணக்காய் எழுதிவிட்டு, ஒரு பதில் வராதா என்று ஏங்கிக் கிடக்கிறவன்தான். பேனாவை வைத்துவிட்டேன்.

ஜெஸீமா கதவடியில் நிற்கிறாள். பளீல் தடுக்கவுமில்லை, போ என்று சொல்லவுமில்லை. கோர்மக்கின் குரல் தேய்ந்துகொண்டே வருகிறது.

ஆனால் நீங்கள் இருக்கிறீர்கள். பதில் உங்களுக்கும் தெரியும். மறந்திருந்தால் இரண்டாம் பகுதிக்கு ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், சீக்கிரம். வாய்விட்டுச் சொல்லுங்கள், அவருக்குக் கேட்க வேண்டும்.

"அன் வில் தூ அவ்ன்?"