கதவுக்கு வெளியே ஒரு காது

எனக்கு ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் வேலை. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, கற்றுக்கொள்ள வந்தவர் தடுமாறினால் என் காலடியில் இருக்கும் தனி பிரேக்கை மிதிப்பதுதான் என் தொழில். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சபையின் வாலிபர் வகுப்பை எடுப்பவளும் நான்தான். பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் பிரேக் அக்கா. முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை, அந்த அளவுக்குப் பயம் உண்டு.

இரண்டு வருடத்துக்கு முன்பு வகுப்பில் மூன்று பேர்தான் மிச்சம். மற்றவர்கள் வீட்டில் கேம் ஆடிக்கொண்டிருந்தார்கள். சரி, கேமையே இங்கே கொண்டுவந்துவிடலாம் என்று போதகரிடம் மல்லுக்கட்டி அனுமதி வாங்கினேன். வகுப்புக் கூடத்தில் பெரிய திரை, இரண்டு ஸ்பீக்கர். ஒரு கேமின் கதையை எடுத்துக்கொள்வோம், அதில் ஒரு பாடம் கண்டுபிடிப்போம். ஊருக்காக உயிரைக் கொடுக்கிற வீரன் வந்தால் சிலுவை. வழி தவறிய குட்டியைத் தேடுகிற ஆட்டம் வந்தால் நல்ல மேய்ப்பன். எதைக் கொடுத்தாலும் பாடம் பிழிந்துவிடுவேன். கூட்டம் இருபதைத் தாண்டியது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

இதில் நான் வெட்கப்பட வேண்டியது ஒன்று உண்டு. என் தம்பி கேம்களுக்குக் கதை எழுதுகிறவன். ஆறு வருடத்துக்கு முன்பு அந்த வேலைக்கு அவன் கிளம்பியபோது, அது சாத்தானின் வேலை என்று சொல்லி வீட்டை விட்டு அனுப்பியவள் நான். சபையையும் விட்டுவிட்டான், அந்தக் கோபம் வேறு. அம்மா அழுதாள். நான் மசியவில்லை.

அம்மா படுக்கையில் விழுந்தபோது மூன்று முறை அவனைக் கேட்டாள். "சொல்லிட்டேம்மா, வர மாட்டேங்கிறான்" என்றேன். நான் சொல்லவே இல்லை. பதினான்கு மாதத்துக்கு முன்பு அம்மா போய்விட்டாள். அதையும் அவனிடம் சொல்லவில்லை. எங்களுக்கு உறவு என்று பெரிதாக யாரும் கிடையாது, சபைக்காரர்கள் யாரோடும் அவனுக்குப் பேச்சு இல்லை. அடக்கம் முடிந்த மூன்றாம் நாள், அவனாகவே மனசு கேட்காமல் வந்து கதவைத் தட்டினான். மூன்று தட்டு, கொஞ்சம் நிறுத்தி இரண்டு தட்டு. சின்ன வயதிலிருந்து அவன் தட்டு அதுதான். நான் கதவைத் திறக்கவில்லை. திறந்தால் எல்லாம் தெரிந்துபோகும்.

"அம்மா உன்னப் பாக்க வேணாம்னு சொல்லிட்டாங்க. போடா" என்றேன் உள்ளேயிருந்தே.

"நல்லா இருக்காங்களாக்கா?"

"நல்லா இருக்காங்க."

அவன் போய்விட்டான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் உண்மை பேசுவதைப் பற்றி வகுப்பு எடுத்தேன். நாக்கு கூசவில்லை.

போன மாதம் வகுப்பில் ஒரு பெண் புது கேம் ஒன்றைக் கொண்டுவந்தாள். எதற்கும் ஏன், ஏன் என்று கேட்பதால் அவளுக்கு 'ஏன்' என்றே பெயர். "சின்னக் கம்பெனி செஞ்சதுக்கா. பயமா இருக்கும், ஆனா ரத்தம் கிடையாது" என்றாள்.

ஒரு வீடு. அதில் நாம் ஒரு பெண், கையில் விளக்கு. விளக்கு எட்டும் இடம் மட்டும்தான் தெரியும். மாடியில் பூட்டிய அறை ஒன்று. தெருக்கதவுக்குக் குறுக்கே கனமான கட்டை. அதை இரண்டு கையாலும் தூக்கினால்தான் கதவு திறக்கும், அதற்கு விளக்கைக் கீழே வைக்க வேண்டும், வைத்தால் அணைந்துவிடும். பிள்ளைகள் வீட்டைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது தெருக்கதவு தட்டப்பட்டது.

மூன்று தட்டு. கொஞ்சம் நிறுத்தி இரண்டு தட்டு.

யார் செய்த கேம் என்று எனக்கு அப்போது தெரியாது என்று சொன்னால் அது பொய். ஆனால் இருபது முகங்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன, என் வாய் பழக்கதோஷத்தில் தானாகவே பாடம் எடுக்க ஆரம்பித்தது. "விளக்க அணைய விடாத கன்னிகைகள் கதை ஞாபகம் இருக்கா? இந்த விளக்கு நம்ம விசுவாசம். வெளிய நிக்கறவன் எதிரி. எவ்வளவு தட்டினாலும் விளக்கக் கீழ வைக்கக் கூடாது."

எல்லோரும் குறித்துக்கொண்டார்கள். 'ஏன்' மட்டும் எழுதவில்லை. "ஆண்டவரும் வாசல்ல நின்னு தட்டுறார்னுதானே போன வருஷம் சொன்னீங்க? இது அவரா இருந்தா?"

"அவர் தட்டுனா நமக்குத் தெரியும்" என்றேன் வெடுக்கென்று.

"எப்படிக்கா தெரியும்?"

மணியாகிவிட்டது என்று ஜெபத்தைச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

அந்தக் கேமை அடுத்த வாரம் விட்டிருக்கலாம். பிள்ளைகள் விடவில்லை, நிஜத்தைச் சொன்னால் என்னாலும் விட முடியவில்லை. இரண்டாம் வாரம் தட்டியது நின்றிருந்தது. அப்பாடா என்றிருந்தேன். சாவித்துவாரம் வழியாகப் பார்க்க ஒரு பட்டன் இருக்கிறது என்று யாரோ கண்டுபிடித்தார்கள். பார்த்தால் வெளியே முகம் இல்லை. ஒரு காது. சாவித்துவாரத்தை அடைத்துக்கொண்டு, கதவோடு ஒட்டிக்கொண்டு, அசையாமல் ஒரு காது. முன்வரிசைப் பிள்ளைகள் நாற்காலியோடு பின்னுக்கு நகர்ந்தார்கள்.

"பாத்தீங்களா" என்றேன். "எதிரி எப்பவும் ஒட்டுக்கேப்பான். அதனால நாவை அடக்கணும்." அதிலும் ஒரு பாடம். என்னை என்ன சொல்ல.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாவியைப் போடும்போது என் கதவின் வெளிப்பக்கத்தைப் பார்த்தேன். சாவித்துவாரத்தை ஒட்டி ஒரு இடம் மட்டும் மினுமினுவென்று இருந்தது, எண்ணெய்த் தலையை வைத்துத் தேய்த்ததுபோல. துடைத்தேன், போகவில்லை. அந்த வாரம் முழுக்க மாணவர்களைத் தேவையில்லாமல் திட்டினேன். நேராகப் போகிற காருக்கு இரண்டு முறை பிரேக் போட்டேன்.

மூன்றாம் வாரம் நல்ல வெயில். கூடத்தின் ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. திரையில் அந்தப் பெண் விளக்கோடு மாடிப்படி ஏறினாள், பூட்டிய அறைக்கு முன்னால் நின்றாள். கதவுக்குப் பின்னாலிருந்து யாரோ இருமினார்கள். இரண்டு குட்டி இருமல், ஒரு நீள இருமல், பிறகு "ஆண்டவரே" என்று ஒரு முனகல்.

என் அம்மா. அம்மா மாதிரி இல்லை, அம்மாவேதான். பதினான்கு மாதமாக மண்ணுக்குள் இருக்கிறவள் இரண்டு ஸ்பீக்கரிலும் இருமினாள். தம்பி அந்தக் காலத்தில் போனும் கையுமாக அலைந்து வீட்டுச் சத்தங்களையெல்லாம் பதிவு செய்வான், அது எனக்குத் தெரியும். தெரிந்தும் எழுந்து ஓடினேன். ஸ்பீக்கரின் ஒயரைப் பிடுங்கினேன்.

"ஸ்பீக்கர் கோளாறு" என்றேன்.

இருமல் நிற்கவில்லை. திரைக்குள்ளேயே சின்னதாக ஒரு ஸ்பீக்கர் இருக்கும் போல. அதிலிருந்து வந்தது, இன்னும் மெல்லிசாக, அடுத்த அறையில் இருப்பவள் இருமுவதுபோல. அந்த இருமலுக்கு அடியில், கீழே தெருக்கதவில், மூன்று தட்டு. இரண்டு தட்டு.

'ஏன்' என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, அவன் ஒட்டுக்கேக்கலன்னு நினைக்கிறேன். அந்த இருமலக் கேக்கத்தான் காத வச்சிருக்கான். அவங்க உயிரோட இருக்காங்களான்னு பாக்குறான்."

மூன்று வாரமாக அவன் என் வாசலில் நின்று கெஞ்சிக்கொண்டிருக்கிறான். நான் அவன் கெஞ்சலை எடுத்துக் குறிப்பு எழுதச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். கதைக்குள் ஆண்டவரைத் தேடத் தெரிந்த என்னால், கூடப் பிறந்தவனைத் தெரிந்தும் தெரியாதவளாக இருக்க முடிந்தது. எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

"கன்ட்ரோலரக் குடு" என்றேன்.

படியிறங்கினேன். கதவுக்கு முன்னால் போய் விளக்கைக் கீழே வைத்தேன். "அக்கா, விளக்கு" என்றது ஒரு குரல், நான் சொல்லிக்கொடுத்தது அப்படி. விளக்கு அணைந்தது. திரை முழுக்க இருட்டு. ஜன்னலுக்கு வெளியே வெயில் காய்ந்துகொண்டிருக்க, உள்ளே இருபது பேர் மூச்சுவிடாமல் ஒரு கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கட்டையைத் தூக்கும் சத்தம். கதவு கீச்சிடும் சத்தம். அது எங்கள் வீட்டுக் கதவு, எந்த இருட்டிலும் எனக்குத் தெரியும்.

காலடிச் சத்தம் என்னைக் கடந்து போனது. அவசரமில்லாமல், செருப்பைக் கழற்றிவிட்டு, படியேறியது. மாடி அறைக்கு வெளியே நின்றது. இருட்டில் ஒரு வரி தோன்றியது.

"அக்கா, அம்மா முழிச்சிருக்காங்களா?"

கீழே தேர்ந்தெடுக்க இரண்டு பதில்கள். ஒன்று, "முழிச்சிருக்காங்க, போய்ப் பாரு." மற்றது, "தூங்குறாங்க, கொஞ்சம் உக்காரு."

இரண்டே இரண்டுதான். மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன். மூன்றாவது இல்லை. மூன்றாவதை எழுத அவனுக்குத் தெரியாது. அதைத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

"எதை அழுத்தணும்க்கா?" என்று கேட்டாள் 'ஏன்'.

"ரெண்டுமே பொய்" என்றேன். "எங்க அம்மா செத்துட்டாங்க. எங்க தம்பிக்கு நான் சொல்லல."

யாரையும் வெளியே போகச் சொல்லவில்லை. பொய்யை இவர்கள் முன்னால்தான் கட்டிக்காத்தேன், அது உடைவதையும் இவர்களே பார்க்கட்டும் என்று இருந்தது. போனை எடுத்து அவன் எண்ணை அழுத்தினேன். ஒரே மணியில் எடுத்தான்.

"அக்கா" என்றான். ஆறு வருடக் கோபத்தில் ஒரு துளிகூட அந்தக் குரலில் இல்லை. "நீ வகுப்புல கேம் காட்டுறதச் சபையோட ஃபேஸ்புக் பக்கத்துல பாத்தேன். நம்ம வீடுதான் அது, கண்டுபிடிச்சியா? எப்படியாவது உன் கைக்கு வரும்னு நினைச்சேன்."

"கண்டுபிடிச்சேன்டா."

"கதவத் தொறந்தியா?"

"இப்பத்தான் தொறந்தேன்."

அவன் சிரிப்பது கேட்டது. "அம்மா இருமல் கேட்டிருக்குமே. அம்மாவுக்குப் போட்டுக் காட்டினியாக்கா? அவங்க குரல்னு அவங்களுக்குத் தெரிஞ்சுதா?"

திரையில் அந்தக் கேள்வி இன்னும் அப்படியே நின்றிருந்தது. அறைக்குள்ளிருந்து அம்மா மறுபடி இருமினாள், பதிலுக்குக் காத்திருப்பதுபோல. என் வலது கால் தரையை அழுத்தமாக மிதித்துக்கொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். காலை எடுத்தேன்.

"எங்கயாவது உக்காந்துக்கடா தம்பி" என்றேன். "பதினாலு மாசம் முன்னாடி நீ வந்து கதவத் தட்டினியே, அதுக்கு மூணு நாள் முன்னாடியிருந்து சொல்றேன்."