கோடைச் சேறு

எங்கள் ஊர் மண் கறுப்பு மண். மழைக்காலத்தில் செருப்பைப் பிடுங்கிக்கொண்டுதான் ஆளை விடும். கோடையில் கை நுழையும் அளவுக்குப் பிளந்து, இரும்பாக இறுகிவிடும். கடப்பாரையை ஓங்கிப் போட்டால் ‘டங்’கென்று திருப்பி எறியும். அதனாலேயே கோடையில் எங்கள் ஊரில் யாரும் யாரோடும் சண்டை போட மாட்டார்கள். வீட்டில் ஒரு சாவு விழுந்தால் குழி வெட்டப் பத்து ஆள் வேண்டுமே. பங்காளித் தகராறெல்லாம் முதல் மழைக்கு அப்புறம்தான். “சாகறதா இருந்தா மழைக்குச் சாவுங்க, வெயில்ல எங்க உசிர வாங்காதீங்க” என்று வயதானவர்களைக் கிண்டல் செய்வார்கள். அவர்களும் சிரித்துவைப்பார்கள்.

கோடையில் ஒருவர் இழுத்துக்கொண்டு கிடந்தால், அந்த வீட்டு ஆண்கள் சத்தமில்லாமல் இடுகாட்டுக்குப் போய், குழிக்கான இடத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் ஊற்றி ஊறவைப்பார்கள். திரும்பி வந்ததும் காலைக் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைய வேண்டும். இதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை.

அப்பா படுத்துவிட்டார் என்று அண்ணன் போன் செய்தபோது வெயில் உச்சத்தில் இருந்தது. நான் வாழ்க்கைப்பட்ட ஊர் செம்மண் பூமி. அங்கே எந்த மாதமும் மண்வெட்டி இறங்கும், மனிதர்கள் எந்த மாதமும் சண்டை போடுவார்கள். அந்தப் பழக்கத்தில் நானும் வந்து இறங்கியதுமே அண்ணனைப் பிடித்துக்கொண்டேன்.

“நீ அங்க ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தக் கூடாது. அப்பா பிழைச்சுக்குவாரு.”

“அம்மாவுக்கு என்ன ஆச்சுன்னு மறந்துட்டியா?”

மறக்கவில்லை. அம்மா நல்ல கோடையில் திடீரென்று போய்விட்டாள். குழி இறங்கவே இல்லை. பொழுது சாய்ந்தும் முழங்கால் ஆழம்தான். அண்ணனின் உள்ளங்கை கிழிந்து கடப்பாரையில் ரத்தம் வழிந்தது. அம்மா வெயிலில் காத்துக் கிடக்க, அப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டே இருந்தார்.

“அதுக்காக, அவரு மூச்சு விட்டுட்டு இருக்கும்போதே குழியை நனைப்பியா? உனக்கெல்லாம் மனசே இல்லையா?” என்று கத்தினேன்.

அண்ணன் பதில் சொல்லவில்லை. அவன் பதில் சொல்லாவிட்டால் செய்யப்போகிறான் என்று அர்த்தம்.

அப்பாவுக்கு நானே பால் புகட்டினேன். முதலில் எல்லாம் உதட்டோரம் வழிந்துவிட்டது. பிறகு ஒரு மடக்கு இறங்கியது, அப்புறம் அரைத் தம்ளர். “உன் கைராசிதான்” என்றாள் அண்ணி. ஒரு நாள் காலையில் அவர் கண்ணைத் திறந்து, தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, “விதையக் காயப்போட்டீங்களா?” என்று கேட்டார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. விதையைப் பற்றிக் கேட்கிறவர் அடுத்த மழையை நினைக்கிறார் என்றுதானே அர்த்தம்?

“எங்க அவன்? வரச் சொல்லு” என்றார்.

வாசலுக்கு ஓடினேன். தெருமுனையில் அண்ணன் சைக்கிளில் காலிக் குடங்களோடு வந்துகொண்டிருந்தான். குடங்கள் எதற்கென்று யோசிக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

“அண்ணே, அப்பா எழுந்து உக்காந்துட்டாரு! உன்னைக் கூப்பிடறாரு! சீக்கிரம் வாண்ணே!”

அவன் சைக்கிளைத் தெருவிலேயே போட்டான். குடங்கள் உருண்டன. வாசலில் இருந்த தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி ஒரே ஓட்டமாக உள்ளே போய், கட்டிலருகே மண்டியிட்டு, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதான்.

அப்பா அவனைப் பார்க்கவில்லை. சிமெண்டுத் தரையில் வாசலிலிருந்து கட்டில்வரை வந்திருந்த கறுப்புக் கால்தடங்களைப் பார்த்தார். ஊரே வெடித்துக் கிடக்கிற கோடையில் சேறு இருக்கிற இடம் ஒன்றுதான். ஆயுசு முழுக்க அந்த மண்ணை உழுதவரிடம் என்ன சொல்லி மழுப்ப முடியும்? அண்ணி துணி எடுத்து வந்து அவசரமாகத் துடைத்தாள். சேறு இன்னும் பரவியது.

“அம்மா பக்கத்துலயா?” என்று கேட்டார் அப்பா.

அண்ணன் ஆமென்று தலையை அசைத்தான்.

“சரி.”

அவன் உள்ளங்கையைத் திருப்பி, பழைய தழும்பைக் கட்டைவிரலால் தடவிக் கொடுத்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

“பால் குடிங்கப்பா” என்று தம்ளரை நீட்டினேன். வேண்டாம் என்றார். “தண்ணியாவது ஒரு வாய் குடிங்கப்பா.”

தம்ளரை மெல்ல ஒதுக்கினார். “எனக்கு எதுக்கும்மா? இதையும் அங்கேயே ஊத்தச் சொல்லு. அடிமண்ணு இறுகிக் கெடக்கும்.”

அதற்குப் பிறகு அவர் விதையைப் பற்றிக் கேட்கவே இல்லை. என் கையால் எதையும் வாங்கிக் குடிக்கவும் இல்லை.

குழி மளமளவென்று இறங்கியதாம். அடக்கம் முடிந்து வந்தவர்கள், “மண்ணு நல்லா ஊறியிருந்துச்சு, பிள்ளைன்னா இப்படி இருக்கணும்” என்று அண்ணனின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். அவன் வாசல் தொட்டியருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து காலைக் கழுவ ஆரம்பித்தான். திட்டத்தான் போனேன். போய்ச் சொம்பை எடுத்து அவன் காலில் தண்ணீர் ஊற்றினேன். அவன் தேய்த்தான், நான் ஊற்றினேன், அவன் மறுபடியும் தேய்த்தான்.

“போதும்ண்ணே” என்றேன். சேறு எப்போதோ போய்விட்டிருந்தது.