பின்னால் வந்த மஞ்சள் விளக்கு

பைக் மாநாட்டுக்கு வந்து குவிகிறவர்களில் பாதிப் பேர் வண்டியை லாரியில் ஏற்றி வந்து, மைதானத்துக்கு நாலு தெரு தள்ளி இறக்கி, கொஞ்சம் சேற்றையும் பூசிக்கொண்டு உள்ளே நுழைகிற வீரர்கள். லிஃப்ட் மெக்கானிக்குக்கு அவர்களைக் கண்டாலே ஆகாது. அவர் நாள்கணக்கில் டயர் தேய ஓட்டி வருகிறவர். இடுப்பு கழன்றுபோனாலும் முகத்தில் மட்டும் ஒரு மிதப்பு இருக்கும்.

இந்த முறை மிதப்பு கொஞ்சம் கூடுதல். முதல் தடவையாக மாப்பிள்ளையையும் கூட்டி வந்திருந்தார். மாப்பிள்ளை என்றால் தங்கையின் வீட்டுக்காரர். மருந்துக்கடையில் நாளெல்லாம் நின்றபடி வேலை பார்க்கிற, அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். அவர் பாட்டுக்கு இருந்தவரின் காதில் ஓதி ஓதி பைக் ஆசையை ஏற்றிவிட்டதே மெக்கானிக்தான். தங்கை லேசில் இறங்கி வரவில்லை. பல நாள் அண்ணனிடம் முகம் கொடுத்தே பேசவில்லை. கடைசியில், போகிற வழியெல்லாம் அவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போவதானால் கூட்டிப் போ என்று சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குள் போய்விட்டாள். அது சம்மதமா கோபமா என்று ஆராயாமல் இருவரும் கிளம்பிவிட்டார்கள்.

நெடுந்தூரம் ஓட்டுகிறவர்களுக்குள் ஒரு முறை உண்டு. பின்னால் வருகிறவருக்கு முன்னால் போகிறவர்தான் பொறுப்பு. சாலை பிரிகிற இடத்தில் ஓரங்கட்டி நிற்க வேண்டும். பின்னவரின் விளக்கு கண்ணாடியில் தெரிந்த பிறகே திரும்ப வேண்டும். மழையில் முகமும் தெரியாது, வண்டியின் நிறமும் தெரியாது. விளக்கை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்காகவே மாப்பிள்ளையின் ஹெட்லைட்டுக்குக் கீழே இரண்டு மஞ்சள் விளக்குகளைத் தன் கையாலேயே மாட்டிக் கொடுத்திருந்தார்.

கடைசி நாள் மதியம் மலைச்சாலையில் ஏறும்போது மழை பிடித்துக்கொண்டது. மழை என்றால் கொஞ்சநஞ்ச மழையில்லை. மெக்கானிக் தன் போனைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிப் பெட்டிக்குள் போட்டுவிட்டு முன்னால் போனார். ஒவ்வொரு பிரிவிலும் நின்றார். ஒவ்வொரு முறையும் கண்ணாடியில் இரண்டு மஞ்சள் விளக்குகள் வந்து நின்றன. இவர் கையைத் தூக்கிக் காட்டினார், பின்னாலிருந்தும் ஒரு கை உயர்ந்தது. புதுசாக ஓட்டுகிறவர் இந்த மழையிலும் விடாமல் வருகிறாரே என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டார். இதைத் தங்கையிடம் சொல்ல வேண்டும் என்றும் நினைத்துக்கொண்டார்.

மைதான வாசலில் மழை விட்டிருந்தது. ஸ்பீக்கர் காதைப் பிளந்தது. கூடாரங்களுக்கு நடுவே சகதியில் வண்டிகள் வரிசை வரிசையாக நின்றன. மெக்கானிக் ஸ்டாண்டைப் போட்டுவிட்டு, மாப்பிள்ளையைக் கட்டிப்பிடிக்கலாம் என்று திரும்பினார். இரண்டு மஞ்சள் விளக்கோடு பின்னால் நின்ற வண்டி கறுப்பு. மாப்பிள்ளையுடையது சிவப்பு. பச்சை ரெயின்கோட்டில் இருந்தவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். முன்பின் பார்த்திராத முகம், வாயெல்லாம் சிரிப்பு.

"ரொம்ப நன்றிண்ணே. எனக்கு வழியே தெரியாது. ஒவ்வொரு பிரிவுலயும் எனக்காக நின்னு நின்னு கூட்டிட்டு வந்தீங்க. யாருண்ணே இந்தக் காலத்துல இப்படிச் செய்வாங்க?"

மெக்கானிக் சுற்றிலும் பார்த்தார். வரிசையில் முக்கால்வாசி வண்டிகளில் மஞ்சள் விளக்கு இருந்தது. எனக்குப் பின்னால் ஒருத்தர் வந்தாரே, சிவப்பு வண்டி, அவரைப் பார்த்தீர்களா என்று ஒருவழியாகக் கேட்டார்.

பச்சைக் கோட்டுக்காரரின் சிரிப்பு சுருங்கியது. "மேல ஒரு வளைவுல வழுக்கி விழுந்தாரு. நிக்கலாம்னுதான் பாத்தேன். நீங்க நிக்காமப் போனீங்க. உங்களை விட்டா நான் தொலைஞ்சுடுவேன்னு வந்துட்டேன். அவரு உங்க ஆளாண்ணே?"

மெக்கானிக்குக்கு அந்த மனிதரை அடித்து நொறுக்கத் தோன்றியது. எந்த முகத்தோடு அடிப்பது? பெட்டியைத் திறந்து பையைக் கிழித்துப் போனை எடுத்தார். மாப்பிள்ளை திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருந்தார். அப்புறம் கூப்பிடுவதை நிறுத்தியிருந்தார்.

திருப்பி அழைத்தபோது வேறு யாரோ எடுத்தார்கள். மலையடிவார ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவராம். நிதானமாகப் பேசினார். வண்டி அவர் மேலேயே கிடந்திருக்கிறது, கால் நசுங்கி ரத்தம் நிறையப் போயிருக்கிறது. மழையில் அந்தப் பக்கம் வந்த லாரிக்காரர்தான் பார்த்துத் தூக்கி வந்திருக்கிறார். கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருந்தால் உயிரைக் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். பிறகு, நீங்கள் அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். மெக்கானிக் உறவைச் சொன்னார். அப்படியானால் வீட்டுக்கு நீங்களே சொல்லிவிடுகிறீர்களா என்றார் அவர்.

சகதியிலேயே உட்கார்ந்துவிட்டார் மெக்கானிக். சிவப்பு வண்டி வாங்கச் சொன்னது, கிளம்பச் சொன்னது, கையை உயர்த்திக் காட்டியது என்று எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. பச்சைக் கோட்டுக்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்திலேயே நின்றார். போ என்று சொல்லக்கூட இவருக்குத் தெம்பில்லை.

போன் அடித்தது. தங்கை. அடித்து ஓயும் வரை விட்டார். அது மறுபடி அடித்தது.

"வந்து சேந்துட்டோம்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டியாண்ணா? அப்பக் கூப்பிட்டப்ப அவரும் எடுக்கலை. அங்க ஒரே கூத்தா இருக்கு, சத்தம் இங்க வரைக்கும் கேக்குது. அவர்கிட்ட குடு."

"நான் மட்டும்தாம்மா வந்தேன்."

அவளுக்குப் புரிய நேரம் பிடித்தது. அவர் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். எதையும் குறைக்கவில்லை, பின்னால் வந்தது யார் என்பது உட்பட. அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கத்தவில்லை.

"நீ ஒரு தடவகூடத் திரும்பிப் பாக்கலையாண்ணா?"

"பாத்தேம்மா. வழி பூரா பாத்துக்கிட்டேதான் வந்தேன்."