அறிக்கையில் அஜிதாவின் படம்

போனக்காடு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்களின் மகள் அஜிதா, இன்று திருவனந்தபுரத்தில் அரசு மருந்துப் பரிசோதனைக் கூடத்தில் அனலிஸ்ட். இந்த ஒரு வரியைக் கேட்டால் யாருக்கும் முகம் மலரும். அவளுக்கு வந்த வினை அந்த மலர்ச்சியில்தான் தொடங்கியது.

உயர்கல்விக்கு அரசு செலவிடும் பணத்தால் யாருக்கு என்ன லாபம் என்று பார்க்க ஒரு கமிட்டி போட்டிருந்தார்கள். கமிட்டிக்காக வேலை செய்த பொருளாதார ஆய்வாளர் அஸ்வதி, ஒரு நாள் கூடத்துக்கே தேடி வந்தாள். முப்பது வயதிருக்கும். டெல்லியில் அரசுப் பல்கலைக்கழகத்தில் உதவித்தொகையோடு படித்தவள். அதிகாரம் காட்டாமல் பேசினாள். கேன்டீன் சாயாவைக் குடித்துக்கொண்டே அஜிதாவின் கதை முழுவதையும் கேட்டாள்.

அஜிதாவும் சொன்னாள். போனக்காட்டிலிருந்து ஆனவண்டி என்று சொல்லும் அரசு பஸ்ஸில் முதல் வண்டி ஏறி, விதுரையில் இறங்கி, வேறு வண்டி பிடித்து, இரும்புப் பெட்டியோடு அரசுப் பெண்கள் ஹாஸ்டலுக்கு வந்தது. ஐந்து வருடம் அங்கேயே தங்கி கெமிஸ்ட்ரி படித்தது. கல்லூரிக் கட்டணம் அப்பாவுக்குச் சுமையாக இல்லாதது. பிறகு அந்த இருமல் மருந்து விஷயம். மூன்று வருடத்துக்கு முன் குழந்தைகளுக்கான சிரப் ஒன்று சோதனைக்கு வந்தது. உடம்புக்குள் போகவே கூடாத ஒரு தொழிற்சாலைத் திரவம் அதில் கலந்திருப்பதை அஜிதாதான் கண்டுபிடித்தாள். ஒருமுறைக்கு மூன்றுமுறை சோதித்து, மேலே எழுதி, தாலுக்கா ஆஸ்பத்திரிகளுக்குப் போன பாட்டில்களை எல்லாம் திரும்ப எடுக்க வைத்தாள். பத்திரிகையில் கூடத்தின் பெயர் வந்தது. அவள் பெயர் வரவில்லை. அதைப் பற்றி அவளுக்குக் குறை ஒன்றுமில்லை.

"சேச்சி, இதை கமிட்டி முன்னால் வந்து சொல்லணும்," என்றாள் அஸ்வதி. "இந்தக் கல்லூரிகள் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு உங்களைவிடப் பெரிய பதில் இல்லை."

அதை நம்பித்தான் அஜிதா போனாள்.

விருந்தினர் மாளிகை ஹாலில் நீள மேஜைக்குப் பின்னால் ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் வேலாயுதன், ஓய்வுபெற்ற அதிகாரி. இருமல் மருந்தைப் பற்றிச் சொல்ல அஜிதா வீட்டிலேயே ஒத்திகை பார்த்துவிட்டு வந்திருந்தாள். அவர் அதைக் கேட்கவில்லை. கல்லூரியில் சேரும்போது அப்பாவின் கூலி என்ன என்று கேட்டார். இப்போது அவளுடைய சம்பளம் அதைப்போல் எத்தனை மடங்கு வரும் என்று கேட்டார். செத்துப்போன அப்பாவை இத்தனை பேர் முன்னால் தராசில் வைப்பது அவளுக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் சொன்னாள்.

"படிப்பு உங்களுக்கு நல்ல லாபம் கொடுத்திருக்கிறது, அல்லே?"

"ஆமாம் சார்."

"அன்றைக்கு ஹாஸ்டலும் ஸ்காலர்ஷிப்பும் இல்லாமல், பேங்க் கடன் மட்டும் கிடைத்திருந்தால் உங்கள் அப்பா வாங்கியிருப்பாரா?"

அஜிதா யோசிக்கவே இல்லை. "வாங்கியிருப்பார் சார். எனக்காக என்ன வேண்டுமானாலும் செய்திருப்பார். ஆனால் அதை அடைத்து முடிக்கிறதுக்குள்ளே ஒடிந்துபோயிருப்பார். அவர் பட்டதைப் பார்த்த பிறகு எங்கள் லயத்து வரிசை வீடுகளில் வேறு யாரும் பிள்ளையைக் காலேஜுக்கு அனுப்பியிருக்க மாட்டார்கள்."

ஹாலில் கைதட்டினார்கள். அஸ்வதி கண்ணைத் துடைத்துக்கொண்டதைக்கூட அஜிதா பார்த்தாள். திரும்பி வரும்போது, ஊருக்கு ஏதோ செய்துவிட்ட நிறைவு அவளுக்கு இருந்தது.

சில மாதங்களில் அறிக்கை வந்தது. பளபளப்பான தாள். நடுவில் ஒரு பக்கம் முழுக்க அஜிதாவின் படம், வெள்ளைக் கோட்டும் கண்ணாடியுமாக. 'தோட்டத்திலிருந்து ஆய்வுக்கூடத்துக்கு' என்று தலைப்பு. கீழே பெரிய எழுத்தில் ஒரு மேற்கோள்: 'கடன் கிடைத்திருந்தால் அப்பா வாங்கியிருப்பார்.'

அதோடு நின்றுவிட்டது. மீதி இல்லை. இருமல் மருந்தும் இல்லை. பக்கத்து வாசகம் தெளிவாக இருந்தது: பட்டப்படிப்பின் லாபம் படித்தவருக்கே போகிறது, படிக்காத ஏழைத் தொழிலாளியின் வரியில் இன்னொருவர் சம்பளம் உயர்வது நீதியல்ல, எனவே மானியத்தைக் குறைத்துக் கடன் வசதியைப் பெருக்க வேண்டும்.

அஜிதா அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். அவள் அப்பாவும் படிக்காத ஏழைத் தொழிலாளிதான். தீப்பெட்டிக்கும் சோப்புக்கும் ஆயுள் முழுக்க வரி கொடுத்தவர். அந்தப் பணத்தில்தான் மகள் படித்தாள் என்று யாராவது சொல்லியிருந்தால் அவர் சந்தோஷப்பட்டிருப்பார். நீதி கேட்டு நின்றிருக்க மாட்டார்.

சித்தப்பா நேசமணி அந்தப் பக்கத்தை லேமினேட் செய்து லயத்துச் சுவரில் மாட்டினார். அவருக்கு வாசகம் புரியவில்லை, படம் புரிந்தது. "அண்ணன் இருந்து பாத்திருக்கணும் மக்ளே," என்று போனில் சொன்னார்.

நேசமணிக்கு ஒரே மகள், ரெஷ்மா. அஜிதா படித்த அதே கல்லூரி, அதே ஹாஸ்டல், அதே கெமிஸ்ட்ரி, இரண்டாம் வருடம். ஞாயிற்றுக்கிழமைகளில் அஜிதா வீட்டுக்கு வந்து பாடத்தில் சந்தேகம் கேட்பாள். கேட்பதைவிட வாதாடுவதுதான் அதிகம். புத்தகத்தில் போட்டிருப்பதை அப்படியே ஏற்காத பெண். ஆய்வுக்கூடத்தில் அப்படிப்பட்ட ஒருத்திதான் வேண்டும் என்று அஜிதா நினைத்துக்கொள்வாள்.

ஜூனில் உத்தரவு வந்தது. ஹாஸ்டல்கள் தங்கள் செலவைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். கட்டணம் ஐந்து மடங்கு ஆயிற்று. ஸ்காலர்ஷிப்புக்குப் பதிலாகக் கல்விக்கடனுக்குச் சிபாரிசு தருவார்கள். ரெஷ்மா போனில் அழவில்லை. "அக்கா, பேங்குக்கு வருவியளா? அப்பாவுக்கு அங்க பேசத் தெரியாது," என்று மட்டும் கேட்டாள்.

மூவரும் போனார்கள். மேனேஜர் ஷைஜு நல்ல மனிதர். உட்காரச் சொன்னார், அஜிதாவைப் பார்த்ததும் எழுந்தேவிட்டார். "மேடம், அந்த ரிப்போர்ட்டில் உள்ளது நீங்கள்தானே? எங்களுக்கு டிரெய்னிங்கில் காட்டினார்கள்."

பிறகு ரெஷ்மாவின் காகிதங்களைப் பார்த்தார். "பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரியா? நர்ஸிங் என்றால் இன்றைக்கே செய்து தருவேன். இதற்கு வேலை உறுதி இல்லை என்று மேலே தள்ளிவிடுவார்கள். ஈடாக வீடு, நிலம் ஏதாவது உண்டா?"

"வீடா?" என்றார் நேசமணி. "தோட்டத்து லயம் சாரே. எம்பேருல மண்ணு ஒரு பிடி கெடையாது."

"நான் ஜாமீன் நிக்கேன்," என்றாள் அஜிதா.

ஷைஜு கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தார். அவளுடைய வீட்டுக் கடன், கணவர் துபாய் போக வாங்கிய கடன் இரண்டும் திரையில் வந்தன. "உங்கள் சம்பளத்தில் இதற்கு மேல் இடமில்லை மேடம். ஸாரி, கேட்டோ." உண்மையாகவே வருத்தப்பட்டார். வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

தம்பானூரில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ஹோட்டலில் சாயா குடிக்க உட்கார்ந்தார்கள். நேசமணி பன்னைத் தொடவில்லை. அஜிதா மனதுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்ததைச் சொன்னாள்.

"ரெஷ்மா, நீ எங்க வீட்டுல வந்து இரி. சாப்பாடு அங்க. காலேஜுக்கு அங்கேருந்தே போயிட்டு வா. ஃபீஸ நான் பாத்துக்கிடுதேன்."

நேசமணியின் முகத்தில் உயிர் வந்தது. ரெஷ்மா சாயா கிளாஸைத் தள்ளி வைத்தாள்.

"வேண்டாம்க்கா."

"ஏன் பிள்ளே?"

"ஒங்க மாமியாரு போன மாசம் என்ட்ட கேட்டாவ, மலையிலேருந்து அடுக்களை வேலைக்கு நிக்க பிள்ள கெடைக்குமான்னு. நான் வந்தா தேட வேண்டாம்லா?"

"அக்காகிட்ட இப்பிடியா பேசுவ?" என்று நேசமணி அதட்டினார்.

"அப்பா, நான் கோவத்துல சொல்லல்ல. அக்காவுக்கு சர்க்கார் குடுத்துது. அதுக்கு அக்கா யாரு வீட்டுலயும் பாத்திரம் தேய்க்கல்ல, யாருக்கும் முகம் பாத்து நடக்கல்ல. எனக்கு அக்கா குடுத்தா, நான் ஆயுசு பூரா தல குனிஞ்சி நிக்கணும். ஒரு நாளு பதிலுக்குப் பதிலு பேச முடியுமா?"

அஜிதா மறுக்க வாயைத் திறந்தாள். மாமியார் சரோஜத்தின் குரல் காதில் கேட்டது. இரண்டு அறை வீடு. ரெஷ்மாவுக்குப் படுக்க இடம் அடுக்களைதான். முதல் வாரம் விருந்தாளி, இரண்டாம் வாரம் காய்கறி நறுக்குவாள், ஒரு மாதத்தில் எல்லாம் அவள் தலையில். அதைத் தடுக்கத் தனக்கு வலு இல்லை என்று அஜிதாவுக்குத் தெரியும்.

ரெஷ்மா விடவில்லை. "நீங்க எதுக்குக்கா அங்க போயி சொன்னிய, பெரியப்பா கடன் வாங்கியிருப்பாருன்னு?"

"நான் முழுசா சொன்னேன் மக்ளே. அவங்க பாதியத்தான் போட்டிருக்காவ."

"முழுசும் ஒங்களுக்குத்தானே தெரியும்," என்றாள் ரெஷ்மா. "பேங்குல உள்ளவனுக்குப் பாதி போதும்."

அடுத்த நாள் அஜிதா லீவு போட்டு அஸ்வதியின் அலுவலகத்துக்குப் போனாள். அஸ்வதி ஓடிவந்து கையைப் பிடித்தாள். ரெஷ்மாவைப் பற்றிக் கேட்டதும் அவள் முகம் வாடியது நடிப்பல்ல.

"சேச்சி, பணம் இல்லை. பென்ஷன் கொடுக்கணும், ஆஸ்பத்திரிக்கு மருந்து வாங்கணும். எதிலிருந்தாவது எடுக்கத்தான் வேண்டும். படித்த பிள்ளைகள் பாதிப்பேர் கனடாவுக்கும் ஜெர்மனிக்கும் போகிறார்கள். அவர்களுக்காக இங்கே செலவு செய்வது எப்படி நியாயம்?"

"நான் எங்கேயும் போகவில்லையே."

"அதனால்தான் உங்கள் படத்தைப் போட்டோம்."

"இருமல் மருந்தை ஏன் எடுத்துவிட்டீர்கள்?"

"நான் எழுதினேன் சேச்சி. சத்தியமாக எழுதினேன். கமிட்டியில் வெட்டிவிட்டார்கள். உங்கள் சம்பளத்தை அளக்கலாம். வராமல் போன நோயை எப்படி அளப்பது என்று கேட்டார்கள்."

"அளந்தேனே," என்றாள் அஜிதா. குரல் தானாக உயர்ந்தது. "அந்த பாட்டிலில் எவ்வளவு விஷம் என்று அளந்துதானே சொன்னேன்! அதைக் குடிக்காத பிள்ளைகள் எல்லாம் இப்போது ஸ்கூலுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் அப்பன் அம்மை எனக்கு ஒரு பைசா தரவேண்டியதில்லை. ஏனென்றால் முன்னாடியே கொடுத்துவிட்டார்கள், நான் ஹாஸ்டலில் சோறு தின்றபோதே. அது என்னுடைய லாபமா? யாருடைய லாபம் அது?"

பக்கத்து மேஜையில் ஒருவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். அஸ்வதி, "நீங்கள் சொல்வது சரி சேச்சி," என்றாள் தாழ்ந்த குரலில். "ஆனால் அறிக்கை ஏற்கப்பட்டுவிட்டது."

சரி என்று ஒத்துக்கொண்டவளிடம் மேற்கொண்டு என்ன சண்டை போடுவது? அஜிதா எழுந்து வந்துவிட்டாள். தன் படத்தையும் பேச்சையும் நீக்கும்படி கமிட்டிக்கு எழுதினாள். கருத்துத் தெரிவித்ததற்கு நன்றி என்று பதில் வந்தது.

ரெஷ்மா ஹாஸ்டலைக் காலி செய்தாள். அவளைப்போலப் பலர் போனார்கள். மலையிலிருந்தும் கடற்கரையிலிருந்தும் வந்த பெண்கள் எல்லாம் ஒவ்வொருவராகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். கெமிஸ்ட்ரி வகுப்பில் பாதி பெஞ்சுகள் காலி. மாணவர் சேராத பாடத்துக்கு ஆசிரியர் எதற்கு, கட்டிடம் எதற்கு என்று அடுத்த வருடம் இன்னொரு கமிட்டி கேட்டது. அஜிதாவின் கூடத்தில் இரண்டு அனலிஸ்ட் இடங்கள் நிரப்பப்படாமல் கிடந்தன. சோதிக்கப்படாத மருந்துப் பெட்டிகள் அலமாரி நிறைந்து தரையில் அடுக்கப்பட்டன. அவசரம் என்றால் வெளி மாநிலத்துத் தனியார் கூடத்துக்கு அனுப்பினார்கள். அதற்கான செலவு வேறு தலைப்பில் எழுதப்பட்டது. கல்விச் செலவு குறைந்ததாகவே கணக்கில் நின்றது.

அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறு அஜிதா கல்லாறுக்குப் போனாள். பொன்முடிக்குப் போகிற சுற்றுலாக்காரர்கள் வண்டியை நிறுத்தும் இடத்தில், பாலத்துக்குப் பக்கத்துக் கடையில் ரெஷ்மா வேலைக்கு நிற்பதாக நேசமணி சொல்லியிருந்தார். கடையில் கூட்டம். கழுத்தில் கல்லூரி அடையாள அட்டை தொங்கும் பிள்ளைகள் ஒரு வேன் நிறைய வந்து இறங்கியிருந்தார்கள். ரெஷ்மா இரண்டு அடுப்பில் ஓம்லெட் போட்டுக்கொண்டே, யார் என்ன கேட்டார்கள் என்பதைப் பிசகாமல் ஞாபகம் வைத்து எடுத்துக் கொடுத்தாள். மெலிந்திருந்தாள். ஒரு பெண் அவளிடம் போட்டோ எடுத்துத் தரச் சொன்னாள். கையைத் துடைத்துவிட்டு எடுத்துக் கொடுத்தாள்.

அஜிதா முன்னால் போய் நின்றாள். "ரெஷ்மா, நல்லாயிருக்கியா பிள்ளே?"

ரெஷ்மா நிமிர்ந்து பார்த்தாள். பேசப் பழகிய நாளிலிருந்து அஜிதாவிடம் தமிழைத் தவிர வேறொன்றும் பேசாத பெண் அவள்.

"சேச்சிக்கு எந்தா வேண்டே?" என்று கேட்டாள், மற்றவர்களிடம் கேட்ட அதே குரலில். "சாயா உண்டு, ஓம்லெட் உண்டு."

பின்னால் நின்ற பையன் அவசரப்படுத்தினான். அஜிதா மலையாளத்திலேயே ஒரு சாயா கேட்டு வாங்கி, ஓரமாகத் தள்ளி நின்று குடித்தாள்.