ரேடியோவில் கூப்பிட்டால்தான் வருவார்

ஸ்குரூ டிரைவர் வழுக்கி ஹொங்-யூவின் கட்டைவிரலைக் கிழித்தது. ரத்தத்தைக் கால்சட்டையில் தேய்த்துவிட்டு, ரேடியோவைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் சட்டத்தை மறுபடி நெம்பினான். படக்கென்று ஒரு மூலை உடைந்து காலடியில் விழுந்தது.

"உடைச்சிட்டியா?" கார் ஜன்னல் வழியாக அம்மா எட்டிப் பார்த்தாள். அவள் கையில் ஊதுபத்தி பாதிக்குமேல் எரிந்திருந்தது.

"பழைய காரும்மா. தொட்டாலே உடையுது."

"உங்கப்பா கார். பாத்துச் செய்."

உடைந்த துண்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான். ஆஸ்பத்திரி கார் நிறுத்துமிடத்தில் வெயில் கொளுத்தியது. அப்பா விடியற்காலையில் இறந்தார். உடம்பு வண்டியில் ஏறி ஊருக்கே போய்விட்டது. இன்னும் போகாமல் நிற்பது அவருடைய ஆவி மட்டும்தான்.

அதுதான் சிக்கல். காலையில் பூசாரி காவ் வார்டு வாசலில் நின்று, "வீட்டுக்குப் போலாம், வாங்க" என்று கூப்பிட்டு, குறி கேட்கும் இரண்டு பிறைக்கட்டைகளைத் தரையில் போட்டார். ஒன்று கவிழ்ந்து ஒன்று மல்லாந்து விழுந்தால் சம்மதம். இரண்டும் கவிழ்ந்தன. மாடிப்படியில் போட்டார், கவிழ்ந்தன. கார் பக்கத்தில் போட்டார், அங்கேயும் அப்படியே.

"யாருக்கோ காத்திருக்கார்போல" என்றார் காவ், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு.

அப்போதுதான் அம்மா அந்தப் பெயரைச் சொன்னாள். "பெய்-ச்சென் கூப்பிட்டா வருவார்."

கட்டைகள் விழுந்தன. ஒன்று கவிழ்ந்து, ஒன்று மல்லாந்து.

ஹொங்-யூவுக்கு ரத்தம் தலைக்கேறியது. பதினோரு வருஷமாக அந்த வீட்டில் யாரும் சொல்லாத பெயர், அவன் தங்கையின் பெயர். கல்யாணம் நிச்சயம் என்று சொல்லும் பலகாரப் பெட்டிகளைச் சொந்தக்காரர் வீடுகளுக்கெல்லாம் கொடுத்து முடித்த பிறகு, மாப்பிள்ளையை நிற்கவைத்துவிட்டு ஜப்பானுக்கு, நகோயாவுக்கு ஓடிப்போனவள். கொடுத்த பெட்டியைத் திருப்பிக் கேட்க முடியுமா? அப்பா மூதாதையர் பெயர் எழுதிய பலகைக்கு முன்னால் பத்தி கொளுத்தி, "எனக்கு மகள் இல்ல" என்றார். அந்த வார்த்தையைக் கட்டிக் காத்தவன் ஹொங்-யூதான். அவள் போன் செய்தபோதெல்லாம் துண்டித்தான். அவள் அனுப்பிய பார்சல்களைத் தபால்காரரிடமே திருப்பிக் கொடுத்தான். புத்தாண்டு விருந்தில் அவளைப் பற்றிப் பேச்செடுத்த மாமாவை வெளியே போகச் சொன்னான்.

"அவளையா? அப்பா என்ன சொன்னார்னு மறந்துட்டியாம்மா?"

"கட்டை என்ன சொல்லுச்சுன்னு பாத்தியா இல்லியா?"

தோற்றுப்போய்த் தன் போனை எடுத்து நீட்டினான். "சரி, கூப்பிடு. ஸ்பீக்கர்ல போட்டு மடியில வெச்சுக்க."

"இதுல பேசினா அவருக்குக் கேக்காது. கார் ரேடியோவுல வரணும்."

"செத்தப்புறமும் செவிடாம்மா?"

"நேத்து வரைக்கும் கேக்காத காது இன்னிக்குத் திடீர்னு எப்படிடா கேக்கும்?"

காவ் தலையைச் சொறிந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று ரேடியோவா எனக் கேட்டுக் கட்டையைப் போட்டார். அதற்கும் சம்மதம் விழுந்தது. ஹொங்-யூவுக்கு அந்தக் கட்டைகளைத் தூக்கிச் சாக்கடையில் எறியலாம்போல இருந்தது.

ஆனால் அந்தக் காரில் கேசட் காலத்து ரேடியோ. போனைச் செருக எங்கேயும் துளை கிடையாது. கேசட் வடிவ அடாப்டர் கேட்டதற்கு எதிர்க் கடைப் பையன், "அப்படின்னா என்ன அண்ணே?" என்றான். ஏசி ரிப்பேர்க்காரன் என்பதால் சூட்டுக்கோலும் ஈயமும் ஹொங்-யூவின் பையில் இருந்தன. ஒரு இயர்போனின் ஒயரை வெட்டி மூன்று கம்பிகளைப் பிரித்துவைத்தான். இடது, வலது, எர்த். கேசட்டின் சத்தம் போகும் வழியில் இவற்றைப் பற்றவைத்தால் போதும். அந்த வழி எங்கே என்று தேடுவதுதான் பாடு.

"பத்தி தீரப்போகுதுப்பா, அணையக் கூடாது" என்றார் காவ்.

"இன்னொண்ணு கொளுத்துங்க! கையில பத்துப் பதினஞ்சு வெச்சிருக்கீங்கல்ல!"

ரேடியோவை வெளியே இழுத்து, மேல்தகட்டைக் கழற்றினான். போர்டைப் பார்த்ததும் கை நின்றது.

அங்கே ஏற்கெனவே மூன்று கம்பிகள் பற்றவைக்கப்பட்டிருந்தன. காக்கா எச்சம்போலத் திட்டுத்திட்டாக ஈயம். தொழில் தெரியாதவன் வேலை, ஆனால் சரியான இடத்தில். ஒயரைப் பிடித்துக்கொண்டே போனான். அது ஆஷ்ட்ரேக்குப் பின்னால் போய் முடிந்தது. ஆஷ்ட்ரேயை இழுத்தான். உள்ளே சின்னத் துளை. போன் ஒயர் செருகும் துளை.

பிளே பட்டனை அழுத்தினான். உள்ளே ஒரு கேசட் இருந்தது. நாடாவைப் பிடுங்கிவிட்டிருந்தார்கள். வெறும் சக்கரங்கள் சத்தமில்லாமல் சுற்ற, கேசட் ஓடுகிறது என்று ரேடியோ நம்பிக்கொண்டிருந்தது.

"யாரும்மா பண்ணது இது?"

"உங்கப்பாதான்."

"எதுக்கு?"

"பாட்டுக் கேக்க."

"வீட்ல ஒரு மெக்கானிக் இருக்கேன். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அரை மணியில முடிச்சிருப்பேன். விரல்ல சூடு பட்டுக்கிட்டு இவரா உக்காந்து... எப்பவுமே இப்படித்தான்! எங்கிட்ட என்னதான் சொன்னார் அந்த மனுஷன்?"

அம்மா பத்தியின் சாம்பலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் போனை எடுத்து, எண்ணைத் தேடாமலேயே அழுத்தினாள்.

ரேடியோவை அரைகுறையாகத் திணித்து, ஆஷ்ட்ரேக்குள் சுருண்டு கிடந்த ஒயரால் அம்மாவின் போனை அந்தத் துளையில் செருகிவிட்டு வண்டியைக் கிளப்பினான். அம்மா முன்சீட்டில் பத்தியோடு. பின்சீட்டில் பூசாரி, ஆவியை அழைக்கும் வெள்ளைத் துணிக்கொடியோடு. கதவுகளெல்லாம் அதிரும்படி தங்கையின் குரல் நிறைந்தது.

"அப்பா, நான் பெய்-ச்சென். வீட்டுக்குப் போலாம்ப்பா, வாங்க."

காவ் காதைப் பொத்திக்கொண்டார். ஹொங்-யூ சத்தத்தைக் குறைக்கப் போனான். அம்மா அவன் கையைத் தட்டிவிட்டாள்.

"அண்ணா இருக்கானாம்மா?" என்றது ரேடியோ.

"ஓட்டறான்."

"அண்ணா..."

ஹொங்-யூ கியரை மாற்றினான்.

வழியில் பாலம் வந்தால் ஆவியிடம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் தண்ணீருக்கு இந்தப் பக்கமே நின்றுவிடும். பாலம் வரும்போது அம்மா போனில் சொல்வது, பெய்-ச்சென் அப்பாவைக் கூப்பிடுவது என்று ஏற்பாடு. சாலையோரம் சிப்பி ஓடுகள் குவிந்து கிடந்தன. ஸ்பீக்கர்களில் அவள் மூச்சு மட்டும் கேட்டது.

சக்கரம் இரும்பு இணைப்பில் ஏறியது. தடக்.

அம்மா வாயைத் திறப்பதற்குள் ரேடியோ சொன்னது. "அப்பா, பாலம் வந்துடுச்சு. பயப்படாம தாண்டி வாங்க. இன்னும் ரெண்டு தடக் வரும், அப்புறம் இடது பக்கம் கடல் தெரியும். நம்ம சிப்பி வளக்கிற பந்தல் தெரியும்."

தடக். தடக். இடது பக்கம் கடல் தெரிந்தது.

ஹொங்-யூவின் கால் தானாகவே பிரேக்கை அழுத்தியது. இந்தப் பாலத்தைத் திறந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது; அவள் இதைப் பார்த்ததே கிடையாது. பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்து விலகிப் போனது.

"நீ சொன்னியாம்மா அவகிட்ட?"

"நான் சொல்லல."

பத்தியின் சாம்பல் வளைந்து, அம்மாவின் வெள்ளை உடையில் உதிர்ந்தது. அவள் தட்டிவிடவில்லை.

"சாயங்காலமானா பந்தலைப் பாத்துட்டு வரேன்னு காரை எடுத்துட்டுப் போவார்ல? இவகூடப் பேசிக்கிட்டேதான் போவார், பாலம் திறந்ததிலேர்ந்து இதுமேலதான் போயிட்டு வருவார். போனைக் காதுல வெச்சா அவருக்கு ஒண்ணும் கேக்காது. ரேடியோவுலன்னா ஒவ்வொரு வார்த்தையும் கேக்கும்பார்."

"எத்தனை வருஷமா?"

"நாலு."

"எங்கிட்ட சொல்றதுக்கென்ன?"

அம்மா கடலைப் பார்த்தாள்.

"உனக்குப் பயந்துக்கிட்டுத்தான்டா சொல்லல."