முதுகோடு முதுகு

...சாய்ந்துவிட்டார், சந்தேகமே இல்லை, முதலில் தோள்பட்டை, பிறகு நடுமுதுகு, இப்போது ஆள் முழுசாக என்மேல்தான் இருக்கிறார். தம்பதிகள் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்து, எது யார் மூச்சு என்று தெரியாமல் போகும்வரை கண்ணை மூடியிருக்க வேண்டும், அவ்வளவுதான் பயிற்சி, சாயுங்கள் என்று மெதுவா சார் சொல்லவே இல்லை, என் வீட்டுக்காரருக்குச் சொல்லவும் வேண்டாம். எதற்கும் முன்னால் ஒரு ‘மெதுவா’ போடுவதால் குருவுக்கு வகுப்பில் அந்தப் பெயர், மெதுவா மூச்சு விடுங்க, மெதுவா சிரிங்க, வண்டியை மெதுவா எடுங்க. மணி அடித்ததும் அவர் நேரே என்னிடம் வரப்போகிறார், என் வீட்டுக்காரர் கடையையும் வீட்டையும் விட்டு இந்த மையத்திலேயே தங்கிவிட உங்களுக்குச் சம்மதமா என்று கேட்க. மனைவி வாயால் சரி என்று சொன்னால்தான் சேர்த்துக்கொள்வார்களாம். உலகத்தையே துறக்கிறவருக்கு வீட்டில் அனுமதி வேண்டியிருக்கிறது... என்ன சொல்வது? நேற்று மகளைப் போனில் கேட்டேன். “சரின்னு சொல்லிடும்மா, அப்பா இருந்து மட்டும் என்ன கிழிக்கிறாரு?” என்றாள். பெத்த அப்பனை அப்படிப் பேசலாமா என்று அதட்டினேன், அதட்டிவிட்டு யோசித்துப் பார்த்தேன், சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்றும் தேறவில்லை.

பற்றை விடுவது, விடுவது என்று இவர் ஆரம்பித்த நாளிலிருந்து ஒவ்வொன்றாக விட்டார், முதலில் கோபத்தை விட்டார், எனக்குச் சந்தோஷம்தான், பிறகு ஒழுகுகிற குழாயை விட்டார், என் தங்கையிடம் பேசுவதை விட்டார், கடை ஷட்டரை இறக்குவதை விட்டார், டீயை மட்டும் விடவில்லை. அவர் விட்ட எதுவும் தரையில் விழவில்லை, எல்லாவற்றையும் நான்தான் பிடித்தேன். எங்களுடையது மூக்குக்கண்ணாடிக் கடை, கண் சோதிப்பது அவர், மற்றதெல்லாம் நான். போன மாதம் ஒரு பஸ் டிரைவர் வந்து எழுத்தெல்லாம் மங்கலாகத் தெரிகிறது என்றார், இவர் லென்ஸை மாற்றாமல், “பாக்கிறவனும் பாக்கப்படுறதும் ஒண்ணுதாங்க” என்றார். டிரைவர் வெலவெலத்துப்போய், “சார், நான் வண்டி ஓட்டணும் சார்” என்றார். அப்புறம் நான்தான் உட்காரவைத்து லென்ஸ் மாற்றிப் பார்த்தேன்.

முதுகுத்தண்டு விண்விண் என்று தெறிக்கிறது... “சாயாதீங்க” என்று கிசுகிசுக்கிறேன். “யாரு சாயிறா?” “நீங்கதான்.” “நீ, நான்னு பிரிச்சுப் பாக்காத.” “அப்ப இந்த முதுகுவலியையும் பிரிக்காம எடுத்துக்குங்க.” முன்வரிசைத் தம்பதி ‘ஷ்ஷ்’ என்கிறார்கள், ஒரே குரலில், அவர்களுக்கு ஐக்கியம் கைகூடிவிட்டது போலிருக்கிறது. போன வாரம் அனுபவம் சொல்லும் நேரத்தில் இவர் எழுந்து, தனக்கு உடம்பே இல்லாத மாதிரி இருந்தது என்றார், நாலைந்து பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், இருக்காதா பின்னே, உடம்புதான் என் முதுகில் இருந்ததே. சரி, மூச்சைப் பார்... இது என்னுடையது, இது அவருடையது, அவருடையதில் ஒரு விசில் உண்டு, இத்தனை வருஷம் பக்கத்தில் படுத்துக் கேட்ட விசில்... இப்போது விசில் என் பக்கமிருந்து வருகிறதோ... இல்லை, அங்கே... எங்கே... முதுகு எந்த இடத்தில் முடிகிறது... மூச்சு இருக்கிறது, விடுகிற ஆளைத்தான் காணோம், வலி இல்லை, ஷட்டர் இல்லை, சம்மதம் என்ற சொல்கூட யாருடைய வீட்டு விஷயமோ போல... சே, இதைத்தான் சொன்னாரா இந்த மனுஷன்? கோபம் வருகிறது, நன்றாக இருந்துவிட்டதே என்ற கோபம். அது வந்ததும் முதுகும் வந்துவிடுகிறது, வலியோடு.

போகட்டும், சரி என்றே சொல்லிவிடுவோம், ஒரு ஆள் பாரமாவது குறையும். ‘தாராளமா சேத்துக்குங்க சார்’, வார்த்தைகளை நாக்கில் தயாராக வைத்துக்கொள்கிறேன். மணி அடிக்கிறது. மெதுவா சாரின் காலடி கேட்டதும் இவர் மரியாதைக்காகச் சட்டென்று எழுகிறார், அவ்வளவுதான், நான் மல்லாக்க விழுகிறேன், பின்மண்டை பாயில் தொம்மென்று... இதென்ன, தாங்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தல்லவா உட்கார்ந்திருக்க வேண்டும்? நான் எப்போது சாய்ந்தேன்? விசில் இடம் மாறியபோதா, வந்து உட்கார்ந்ததிலிருந்தேவா, இல்லை... “ஐயையோ, அடிபட்டுச்சா?” என்று வீட்டுக்காரர் கை நீட்டுகிறார், தலைகீழாகத் தெரிகிறார், முகத்தில் துறவு ஒன்றையும் காணோம். அவர் தோளுக்கு மேலாக மெதுவா சார் குனிகிறார், “மெதுவா சொல்லுங்கம்மா, உங்களுக்குச் சம்மதமா?” நாக்கில் வைத்திருந்தது அங்கேயே இருக்கிறது, வர மாட்டேன் என்கிறது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தால் சார் அதையே என் பதிலாக எடுத்துக்கொள்வார், எந்தப் பதிலாக என்றுதான் எனக்குத் தெரியவில்லை...