கேளாமல் எடுத்த பிடிமண்

அலங்காநல்லூர்ப் பக்கம் கருங்காலிப்பட்டியைச் சேர்ந்த அருண்பாண்டி, கடல் கடந்த ஒரு நகரத்தில் ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓட்டத்தை ஆரம்பித்து மூன்று வருஷத்துக்கு மேலாகிறது. இன்னும் ஓட்டத்தை நிறுத்தவில்லை. கூட ஓடியவர்கள் ஐந்து நிமிஷத்துக்குள் முடித்து, தரையில் மல்லாந்து விழுந்து மூச்சு வாங்கி, எழுந்து, வழக்கப்படி எல்லாரும் கைகோத்து மைதானத்தைச் சுற்றிவர இவனுக்காகக் காத்து நின்றார்கள். நின்றதுதான் மிச்சம். அவர்களில் இருவருக்குக் கல்யாணமாகிவிட்டது, ஒருவர் முழங்காலில் ஆபரேஷன் செய்துகொண்டு தாய்நாட்டில் ஓட்டல் வைத்துவிட்டார். வெள்ளியும் வெண்கலமும் அன்றைக்கே கொடுத்தாகிவிட்டது. தங்கத்தை மட்டும் வேறு யாருக்கும் கொடுக்க மனமில்லாமல் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள், ஏனென்றால் பத்துப் போட்டியிலும் சேர்த்து முன்னணியில் வந்தவன் அருண்பாண்டிதான், அவன் நின்றால்தானே கழுத்தில் போட முடியும்.

டெகத்லான் என்றால் பத்துப் போட்டி. ஓட்டம், தாண்டல், குண்டு, வட்டு, கம்பூன்றிக் குதிப்பது, ஈட்டி என்று சகலத்தையும் ஒரே ஆள் இரண்டே நாளில் செய்து முடிக்க வேண்டும். இதை முதல்முதலாகக் கேள்விப்பட்டபோது அவனுடைய தாய்மாமன் மொக்கையன், "பத்து ஆளு வேலைய ஒருத்தன்கிட்ட வாங்குறதுல நம்ம பழைய பண்ணையாரையே மிஞ்சிட்டானுகளே" என்றார். அவர் வாய் சும்மா இருக்காது என்றாலும் அன்றைக்குச் சொன்னதில் தப்பில்லை. இரண்டு தலைமுறைக்கு முன்புவரை அந்தக் குடும்பத்துக்கு ஒரு குழி நிலம் கிடையாது. நாற்று நட்டதும் கதிர் அறுத்ததும் அடுத்தவன் வயலில். ஊர் எல்லையில் கண்மாய்க் கரையோரம் இருக்கும் காவக்காரக் கருப்பின் பீடமும் அதன் அடி மண்ணும்தான் தங்களுடையது என்று சொல்லிக்கொள்ள இருந்தன. பிறகு காலம் மாறி ஒச்சாயி இரண்டு ஏக்கர் வாங்கினாள், மகன் அருண்பாண்டிக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைத்தது, பவதாரிணியைக் கட்டிக்கொண்டு பழங்காநத்தத்தில் மாடி வீட்டில் வாடகைக்குக் குடியேறினான். அவள் ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை பார்த்தாள்.

அந்தப் பக்கத்துச் சனங்கள் வெளியூருக்குப் போகும்போது காவல் தெய்வத்தின் பீடத்தடியில் ஒரு பிடி மண் எடுத்துப் போவார்கள். எங்கே போகிறார்களோ அங்கே அதை வைத்துக் கும்பிட்டால் சாமி துணைக்கு வந்துவிடும். இதற்கு முறை இருக்கிறது. பூசாரியை நிறுத்திச் சாமியிடம் கேட்க வேண்டும், பல்லி சொல்ல வேண்டும், அப்புறம்தான் மண்ணில் கை வைக்கலாம். எடுத்த மண்ணை வழியில் தரையில் இறக்கக் கூடாது. இறக்கினால் இறக்கிய இடமே சாமிக்கு வீடு. இதெல்லாம் பவதாரிணிக்குத் தெரியாததல்ல. ஆனால் சாமி கும்பிட ஊருக்கு வந்திருந்த அருண்பாண்டியை ஏற்றிப்போக வேன் வந்து நின்று ஹாரன் அடித்த நேரத்தில் பூசாரி சின்னான் அழகர்கோவிலில் ஒரு மொட்டைக்குப் போயிருந்தார். பல்லிக்காகக் காத்திருந்தால் விமானம் காத்திருக்காது. புருஷன் ஜெயித்து வர வேண்டுமே என்ற ஒரே தவிப்பில், யாரிடமும் கேளாமல் ஒரு பிடியை அள்ளி மஞ்சள் துணியில் முடிந்து அவன் இடுப்பில் கட்டிவிட்டாள். தரையில் வைக்கக் கூடாது என்பதைச் சொல்லவும் மறந்துபோனாள். பாவி மகள் என்று இப்போது அவளை அவளேதான் திட்டிக்கொள்கிறாள்.

ஒன்பது போட்டியிலும் முடிச்சு அவன் இடுப்பிலேயே இருந்தது. ஈட்டியை எறிந்த வேகத்தில் அதைக் கட்டியிருந்த கயிறு அறுந்துவிட்டது. பத்தாவது ஓட்டத்துக்கு வரிசையில் நிற்கும்போது அதைக் கோட்டோரமாகத் தரையில் வைத்துத் தொட்டுக் கும்பிட்டான். பரிசோதனைக் கூடத்தில் எல்லாரும் செல்போனைச் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது பவதாரிணி மட்டும், கீழே வைக்காதீங்க என்று திரையைப் பார்த்துக் கத்தினாள். துப்பாக்கி வெடித்தது, அவன் ஓடினான், முதல் ஆளாகக் கோட்டைத் தாண்டினான், தாண்டிய பிறகும் ஓடினான். நாலு அதிகாரிகள் பாய்ந்து பிடித்தார்கள். வாடிவாசல் காளையின் திமிலில் தொங்குகிறவர்களைப் போல நாலு பேரும் ஒரு சுற்று இழுபட்டு உதிர்ந்தார்கள். டாக்டர்கள் கூடவே சைக்கிளில் போய் நாடி பார்த்து, ஆள் நன்றாகத்தான் இருக்கிறார் என்று எழுதிக் கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் அந்த நகரத்துக்குப் பழகிவிட்டது. உள்வட்டத்தை அவனுக்கே விட்டுவிட்டு மற்றப் பந்தயங்களை இரண்டாம் வட்டத்திலிருந்து நடத்திக்கொள்கிறார்கள். ஆணி வைத்த ஓட்டச் சப்பாத்து தேய்ந்தால் ஓட ஓடவே மாற்றிவிட ஒரு ஆளைச் சம்பளத்துக்கு வைத்திருக்கிறார்கள்.

கருங்காலிப்பட்டிக்குத்தான் பழகவில்லை. சாமியின் அரிவாள் ஒரே வாரத்தில் துருவேறி உதிர்ந்தது. பீடத்தில் கற்பூரம் பற்றவில்லை. கொட்டிலில் கட்டிய மாடு காலையில் இல்லை, நாய்கள் குரைப்பதை விட்டுவிட்டன. ஐப்பசி மழையில் கண்மாய் உடைந்து, ஒச்சாயியின் இரண்டு ஏக்கரோடு ஊர் விளைச்சல் மொத்தமும் போயிற்று; கரையைக் காக்கப் போன ஊர் இளவட்டம் மருதுவும் போனான். மருதுவைப் புதைத்துவிட்டு வந்த அன்று பவதாரிணி சின்னான் காலில் விழுந்து நடந்ததைச் சொன்னாள்.

சின்னான் அவளைத் தூக்கி நிறுத்தினார். பிறகு, "கேட்டு எடுத்திருந்தா இங்கயும் இருக்கும், அங்கயும் இருக்கும் தாயி. கேக்காம எடுத்ததால மொத்தமாப் போயிருச்சு. காவக்காரனுக்கு எல்லை சுத்துறதுதான் பொழப்பு. அங்க எல்லை அந்த வட்டம்தான். உம் புருஷன் மேல ஏறிச் சுத்துது" என்றார். போய்க் கேட்டு, அந்த இடத்து மண்ணில் ஒரு பிடி எடுத்து வந்தால் சாமி இறங்கித் திரும்பும், ஆளும் திரும்புவான். வேறு வழி கிடையாது.

பவதாரிணி போனாள். போய் அந்தக் கோட்டோரம் குனிந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, அங்கே மண்ணே இல்லை. சிவப்பாக ரப்பர் போட்டிருந்தார்கள். அவன் இறக்கி வைத்த முடிச்சை அன்று மாலையே கூட்டுகிற இயந்திரம் விழுங்கிவிட்டிருந்தது. ரப்பரை நகத்தால் பிறாண்டிப் பார்த்தாள், நகம்தான் பெயர்ந்தது. அருண்பாண்டி சுற்றி வந்தான். அவள் பக்கத்திலேயே ஓடினாள்.

"மாமா, வீட்டுக்கு வாங்க."

"இந்தச் சுத்து முடியட்டும் பவா. நீ போ, வாரேன்."

அடுத்த சுற்றிலும் அதையேதான் சொன்னான். முகத்தில் களைப்பு இல்லை. கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் வழிந்து காதுப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. விசா முடிகிற நாள் வரை அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். கடைசி நாளன்று சப்பாத்து மாற்றுகிறவர் மனசு கேளாமல், ஓட்டம் தொடங்கிய அன்று அவன் போட்டிருந்த ஜோடியைக் கொண்டுவந்து கொடுத்தார். அடியில் இருந்த ஆணிகளின் இடுக்கில் துளிச் செம்மண் ஒட்டியிருந்தது. முடிச்சிலிருந்து கோட்டோரம் சிந்திய பீடத்து மண். ஒரு பிடி இல்லை, ஒரு சிட்டிகை. அவள் சப்பாத்தை மடியில் வைத்துக்கொண்டு, இந்தத் தடவை கேட்டாள்: கருப்பா, வரச் சம்மதமா? அந்தக் குளிர் தேசத்தில் பல்லிக்கு எங்கே போவது. ஆனால் கடைசிச் சுற்றுக்கு அடிக்கிற வெண்கல மணி, பக்கத்தில் யாருமே இல்லாதபோது, தானாக ஒரு முறை அடித்தது.

அவள் ஊர் திரும்பிய மறுநாள் சின்னான் அந்தச் சிட்டிகையைப் பீடத்தில் வைத்தார். கற்பூரம் பற்றியது. ஆள் வரவில்லை. சாயங்காலம் சொந்தபந்தங்கள் கண்மாய்க் கரையில் கூடினார்கள். மொக்கையன்தான் பேச்சை எடுத்தார். "அக்கா, இருக்கான்னும் சொல்ல முடியல, இல்லைன்னும் சொல்ல முடியல. சின்னஞ்சிறுசு. தாலிய இறக்கி வச்சுட்டு அது பொழப்பப் பார்க்கட்டும்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல. பவதாரிணி தலை குனிந்து நின்றாள்.

அப்போது கரையின் மேற்குக் கோடியில் தடதடவென்று சத்தம் கேட்டது. ஆளைக் காணோம். ஈர மண்ணில் ஆணிச் சப்பாத்தின் தடங்கள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்துகொண்டே வந்தன, கூடவே மூச்சு. பெற்றவளுக்குத் தெரியாத மூச்சா? ஒச்சாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஒரு சிட்டிகைக்கு இம்புட்டுத்தான் வரும். மிச்சம் அங்கதான் ஓடுது" என்றார் சின்னான்.

தடங்கள் கூட்டத்தை நெருங்கின. ஒச்சாயி முந்தானையை எடுத்துவிட்டு, "ஒதுங்கி நில்லுங்கப்பா. ஓடுறவனுக்கு வழிய விடுங்க" என்றாள். எல்லாரும் ஒதுங்கினார்கள். மொக்கையனும் ஒதுங்கினார். தாலிப் பேச்சை அதற்கப்புறம் யாரும் எடுக்கவில்லை. பவதாரிணி மட்டும் ஒரு எட்டு முன்னால் போய்க் கையை நீட்டினாள். விரல் நுனியில் சூடான காற்று பட்டுக் கடந்தது, நிற்கவில்லை. இப்போது ஊரில் மாடு களவு போவதில்லை. சாயங்காலமானால் கரைப்பாதையில் யாரும் டூவீலரை நிறுத்துவதில்லை. வெளியூர்க்காரர் யாராவது தெரியாமல் நிறுத்தினால், ஆள் வரும் எடுங்கள் என்று சொல்கிறார்கள், அவர்களும் எடுத்துவிடுகிறார்கள்.